பொதுமக்கள் நாற்காலி

எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி ஒருவர் ஒரு பொருளை இன்னொரு பொருளுக்கு ஒப்பிட்டுச் சொல்லி, அதைக் கேட்பவர் தலையாட்டிவிட்டால், மறுநாள் விடிவதற்குள் முதல் பொருள் இரண்டாவது பொருளாகவே ஆகிவிடும். கேட்டவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது இதில் சேராது. தலை ஆடினால் போதும்.

நிலையம் வந்த புதிதில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண் ஆராய்ச்சி செய்யும் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பூமி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்த வாரம் மைதானத்தில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தோண்டினார்கள். வானிலைக்காரர் ஒருவர், இந்தப் பக்கத்துக் காற்று சேட்டைக்காரப் பிள்ளை மாதிரி என்றார். காற்றை அங்கன்வாடியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மதியம் முட்டை வைத்தால் நாலு மணி வரைக்கும் அடங்கியிருக்கும். மருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா, மாத்திரை என்பது உடம்புக்குள் வரும் விருந்தாளி மாதிரி என்று ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் ஊரில் எந்த மாத்திரையும் வேலை செய்வதில்லை. இரண்டு நாள் தங்குகிறது, சாப்பிடுகிறது, போய்விடுகிறது.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. படித்தவர் பேசினால் தலையாட்டுவது எங்கள் பழக்கம். பேங்கில் ஆட்டுவோம், மின்சார ஆபீசில் ஆட்டுவோம், தாசில்தார் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆட்டுவோம். ஒரு மனுஷர் வெயிலில் வந்து நின்று நம்மிடம் பேசுகிறார். விளங்கவில்லை என்று காட்டினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். விஞ்ஞானிகளோ ஆடிய தலைகளை எண்ணி அறிக்கை எழுதினார்கள். எழுபத்திரண்டு தலை ஆடியிருந்தால் எழுபத்திரண்டு பேருக்கு அறிவியல் போய்ச் சேர்ந்தது என்று எழுதினார்கள்.

என் மனைவி தவசிக்கனி உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். நானும் அதே அளத்தில் உப்பு வாரினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சிறுநீரக ஆராய்ச்சி செய்யும் டாக்டர் குலோத்துங்கன் அங்கே வந்தார். அப்போது அவருக்கு ஒரு நரைமுடிகூடக் கிடையாது. காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு பாத்தி வரப்பில் நின்றார். தவசிக்கனியின் ரத்தத்தைச் சோதித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க கிட்னி ஒரு சல்லடை மாதிரிம்மா” என்றார். தவசிக்கனி என்னைப் பார்த்தாள். தலை ஆடிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் நடந்தால் லேசாகச் சலிக்கும் சத்தம் வந்தது. சல்லடை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பொடியானதெல்லாம் விழுந்துவிட்டது. முதலில் தண்ணீர், பிறகு உப்பு, தூக்கம், வாய்ருசி, கடைசியில் மகளின் பெயர். பெரியதெல்லாம் தங்கியது. எலும்பு, இருமல், தங்கச்சியோடு போட்ட சண்டை. ஆடி மாதம் செத்துப்போனாள். பதினாறாம் நாள் கழிந்ததும் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து சல்லடையைக் கேட்டு வாங்கிப்போனார்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தவறான உவமை என்று கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி வந்தது. விஞ்ஞானிகள் பலதரப்பட்ட மக்களிடம் அறிவியலைப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும், பாஸ் செய்தவர்கள் மட்டும் வெளியே போய் வாய் திறக்கலாம் என்று மேலிடத்தில் உத்தரவு போட்டார்கள். சென்னையிலிருந்து நித்யகல்யாணி என்ற அம்மா பயிற்சியாளராக வந்தார். வகுப்பின் முன்வரிசையில் நாலு நாற்காலி போட்டு, நாலுக்கும் எழுதி ஒட்டினார். பள்ளி மாணவர். பத்திரிகை. விவசாயி. பொதுமக்கள்.

பள்ளி மாணவர் நாற்காலிக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை, பள்ளிக்கூட நேரத்தில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அதனால் ஓய்வு பெற்ற தபால்காரர் எபனேசர் அரைக்கால் சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டு உட்கார்ந்தார். பத்திரிகை நாற்காலியில் ஒரு பெண். விஞ்ஞானி பேச ஆரம்பிப்பதற்கு முன்பே புரிந்தது என்று அட்டை தூக்கிவிடுவார், ஏனென்றால் அவர் எழுதி அனுப்பியாயிற்று. விவசாயி நாற்காலி காலியாகவே இருந்தது. விவசாயிக்கு வேலை இருந்தது. ஒரு துண்டை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார், அது நாற்காலியின் முதுகில் தொங்கியது. எல்லா விஞ்ஞானிகளுக்கும் அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுவதுதான் சுலபமாக இருந்தது.

பொதுமக்கள் நாற்காலிக்கு நான் மனுப் போட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது தகுதி. நான் மூன்று. நேர்முகத் தேர்வில் அணு என்றால் என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அரைமணி நேரம் விளக்கிவிட்டு மறுபடியும் கேட்டார்கள். தெரியாது என்றேன். அன்றைக்கே சேரச் சொன்னார்கள்.

பயிற்சியில் நாங்கள் தப்பித்தவறித் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் போடுவார்களே, அதுதான். புரிந்தால் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். நாலு நாற்காலியும் தூக்கினால் விஞ்ஞானி பாஸ். துண்டுக்குப் பதிலாக நித்யகல்யாணி அம்மா தூக்குவார். வகுப்பு முடியும்வரை ஒரு நாற்காலி தூக்காவிட்டாலும் விஞ்ஞானி அடுத்த வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டும். வருஷத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஆறு மாதம், தினமும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

டாக்டர் குலோத்துங்கன் முதல் வகுப்பிலேயே சேர்ந்தார். இருபத்திரண்டாவது வகுப்பிலும் அவர் இருந்தார்.

மற்றவர்களுக்கு நான் தாராளமாகத்தான் அட்டை தூக்கினேன். நண்டு ஆராய்ச்சிக்காரருக்குத் தூக்கினேன். இடி மின்னலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, கடைசியில் தானே பயந்து அழுதுவிட்ட பையனுக்கும் தூக்கினேன். குலோத்துங்கனுக்குத் தூக்கவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் நான் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்க்க ஆரம்பிப்பேன். காதுக்குள் உப்பளத்துப் பம்புசெட் ஓடுவதாக நினைத்துக்கொள்வேன். அவர் பேசி முடித்து வாயை மூடியதும் பம்புசெட்டை நிறுத்துவேன். ஏன் அட்டை தூக்கவில்லை என்று நித்யகல்யாணி அம்மா கேட்பார். புரியவில்லை என்பேன். அதற்குமேல் ஒருவரும் கேட்க முடியாது. என்னிடம் அது ஒன்றுதான் கேள்வி கேட்க முடியாத பதில்.

தினமும் காலையில் அவர் எனக்கு வணக்கம் சொல்வார். நான் சுவரைப் பார்ப்பேன். பதவி உயர்வு இல்லை, வெளியூர்க் கூட்டம் இல்லை, அவரிடம் படித்தவர்கள் எல்லாம் அவருக்கு மேலதிகாரியாக வந்து போனார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது எபனேசர் அரைக்கால் சட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஓய் சுயம்பு, அந்த மனுசனுக்குத் தலை பூரா வெளுத்துப் போச்சுவே. நீரு இன்னும் அந்தச் சட்டைப் பொத்தானையே பாத்துட்டு இருக்கீரு.”

“உமக்கென்ன. நீரு வீட்டுப்பாடத்த எழுதும்” என்றேன்.

எனக்கு ஒரே மகள், சந்தனமாரி. அம்மா போன பிறகு அதே அளத்தில் உப்புச் சுமக்கப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வாய் ஓயாமல் பேசுவாள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், “யப்பா, இன்னைக்கு எத்தன பேருக்குப் புரியல?” என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள். ஒருத்தருக்கு என்பேன். “அந்த ஒருத்தருக்கு இன்னைக்கு நெத்திலிக் கொழம்பு” என்று சொல்லித் தட்டை வைப்பாள். இப்படியே பதினோரு வருஷம் போனது. அந்தப் பதினோரு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது நாளுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான்.

மாசி மாதம் அவளுக்குச் செருப்பு சேரவில்லை. கால் வீங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் முகம். ரத்தம் எடுத்துக்கொண்டு நிலையத்து ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டது, மூன்று வாரம் தாங்கலாம் என்றார். மாத்திரை கேட்டேன். மாத்திரைகள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவதை எனக்கு நினைவுபடுத்தினார். இந்த ஊரில் இதற்கு ஒரே வைத்தியம் நல்ல உவமைதான். சிறுநீரகம் எதுவாக ஆனால் பிழைக்குமோ அதைச் சொல்லி, நோயாளி தலையாட்ட வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த விஞ்ஞானி நிலையத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் அவர் இன்னும் பாஸ் செய்யவில்லை. பொதுமக்களுக்குப் புரியவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என் கழுத்துப் பட்டையைப் பார்த்தார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் வகுப்பில் நான் பம்புசெட்டைப் போடவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக டாக்டர் குலோத்துங்கன் பேசுவதைக் கேட்டேன். அவருக்குக் குரல் இவ்வளவு மெலிந்தது என்று எனக்குத் தெரியாது.

அட்டையைச் சும்மா தூக்கிவிடலாம் என்று அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே தோன்றியது. ஆனால் புரியாமல் தூக்கினால் அவர் நேரே வந்து சந்தனமாரியிடம் அரைகுறையாக ஒன்றைச் சொல்வார், அவள் மரியாதைக்குத் தலையாட்டுவாள். இன்னொரு சல்லடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அங்கே இடம் இருந்தது. அதனால் தூக்கவில்லை. உண்மையாகவே கேட்டுவிட்டுத் தூக்கவில்லை. மனுஷருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. பேசி முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு அவர் சொன்னது காபி வடிகட்டி. அடியில் தங்கும் சக்கையை யார் எடுத்துக் கொட்டுவது என்று எபனேசர் கேட்டார். மறுநாள் பஸ் கண்டக்டர் என்றார். ஏறக்கூடாதவரை இறக்கிவிடுவார், ஏற வேண்டியவரை விடுவார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கண்டக்டர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வருஷத்தில் இரண்டு நாளாவது ஸ்டிரைக் வரும், அந்த இரண்டு நாளும் சந்தனமாரி என்ன செய்வாள் என்று நான் கேட்டேன். அதுவும் போக, அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் சில்லறை கேட்பார் என்று எபனேசர் சொன்னார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த நாள் உப்புப் பாத்தி. எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் என்பதால் யோசித்திருக்கிறார். ஆனால் பாத்தி உப்பை வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். சிறுநீரகம் செய்வது அதற்கு நேர்மாறு. தவிர ஐப்பசி மழையில் பாத்தி கரைந்துவிடும். துணி வெளுப்பவர் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போய்விடுவார். தண்ணீர் மோட்டார் மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும். ரேஷன் கடை என்று அவர் ஆரம்பித்ததுமே நித்யகல்யாணி அம்மா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

இரண்டாவது வாரம் நானும் தேட ஆரம்பித்தேன். வகுப்பு முடிந்ததும் ஊர் முழுக்க நடந்தேன். நிற்காமல் வேலை செய்யும் ஒரு பொருள் வேண்டும். ராவும் பகலும் லீவு போடாமல், கெட்டதைப் பிரித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள். சந்தனமாரிக்குத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. தேவாலயத்துக் கடிகாரம் பத்தேகாலில் நின்றிருந்தது. சாக்கடை அடைத்திருந்தது. நூலகம் சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு மறித்திருந்தார்கள். கடலைப் பார்த்தேன். கடல் நிற்கவில்லைதான், ஆனால் அது தள்ளியதைத் திரும்பவும் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். ஒரு மனுஷியின் இடுப்புக்குள் வைத்து நம்பிவிட்டுப் போக இங்கே ஒரு பொருள் இல்லை.

நான் தேடும்போது டாக்டர் குலோத்துங்கனும் தேடிக்கொண்டு எதிரே வருவார். அதே குழாயைத் திறந்து பார்ப்பார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் வணக்கம் சொல்வார், நான் சுவரைப் பார்ப்பேன். சுவர் இல்லாத இடத்தில் கடலைப் பார்ப்பேன்.

சந்தனமாரி அளத்துக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு அடுப்படிக்குப் போவதை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவள் கேட்பதற்காக நின்றேன். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று அவள் கேட்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டிக்குமேல் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

வியாழக்கிழமை வகுப்பில் டாக்டர் குலோத்துங்கன் மேடைக்கு வந்து தன் குறிப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தார். கேட்பவர்களின் கண்ணைப் பாருங்கள் என்று நித்யகல்யாணி அம்மா வழக்கம்போல நினைவுபடுத்தினார். அவர் என் கண்ணைப் பார்த்தார்.

“சிறுநீரகம்ங்கறது, இந்த அண்ணாச்சிக்கு என்மேல இருக்கிற வன்மம் மாதிரி” என்றார்.

எபனேசர் தன் நோட்டை மூடினார். பத்திரிகைப் பெண் தூக்கியிருந்த அட்டையை முதல் தடவையாகக் கீழே இறக்கினார்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட அது லீவு போடவில்லை. கரண்ட் போனாலும் ஓடுகிறது, மழையிலும் ஓடுகிறது, தூக்கத்திலும் ஓடுகிறது. தினமும் எத்தனையோ பேர் அண்ணாச்சியிடம் எத்தனையோ நல்ல வார்த்தை பேசுகிறார்கள். அத்தனையிலும் இருந்து அன்றைக்குத் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் அது தனியாகப் பிரித்து எடுத்துவிடுகிறது. ஒருநாளும் தவறிப்போய் வேறொருவர் வார்த்தையை எடுத்ததில்லை.

நித்யகல்யாணி அம்மா எழுந்தார். “பிரிச்சு எடுத்தா மட்டும் போதாது சார். சிறுநீரகம் கெட்டதை உள்ளே வெச்சுக்காது. வெளியே தள்ளணும்.”

“தள்றாரே மேடம். தினம் காலையில, ஒன்பதரைக்கு, என்மேல” என்றார்.

எனக்குப் புரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நட்சத்திரம், நண்டு, இடி, அணு என்று எல்லாவற்றுக்கும் அட்டை தூக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. இது ஒன்றுதான் புரிந்தது. அது எப்படி வேலை செய்யும், எங்கே அழுத்தும், எந்த நேரத்தில் வேகம் எடுக்கும் என்பதெல்லாம் அவரைவிட எனக்குத் தெரியும். கழுத்துப் பட்டைக்குள் என் தலை ஆடப் பார்த்தது. அட்டையைத் தூக்கினேன். மற்ற மூன்று அட்டையும் பின்னாலேயே எழுந்தன.

சான்றிதழை அங்கேயே தட்டச்சுச் செய்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது நித்யகல்யாணி அம்மா அழுதார், நல்ல உவமை கேட்டால் அவருக்கு அப்படி வரும்.

மறுநாள் காலையில் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். சந்தனமாரியின் முகம் உப்பிப்போய்க் கண் கீறலாகத் தெரிந்தது. அவர் கட்டில் பக்கத்தில் குனிந்து, உன் கிட்னி உங்கப்பாவுக்கு என்மேல இருக்கிற வன்மம் மாதிரிம்மா என்றார். வகுப்பில் சொன்ன அத்தனையையும் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மா பார்த்த மாதிரியே பார்த்தாள். நான் இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தலையாட்டவில்லை. டாக்டரிடம் திரும்பி, “எதுக்கு எங்கப்பாவுக்கு ஒங்க மேல வன்மம்?” என்று கேட்டாள்.

தவசிக்கனி கேட்காமல் விட்டது இப்படி ஒரு கேள்வியைத்தான். டாக்டர் தரையைப் பார்த்தார். உவமை புரிய வேண்டுமென்றால் அது எதனால் வந்தது என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும், அது பயிற்சியில் இரண்டாவது பாடம். சல்லடை என்று தான் சொன்னதை அவர் சொன்னார். அது அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

“நீங்க சொன்னீக. எங்கம்மா தலையாட்டுனா. அதுக்கு ஒங்க மேல மட்டும் எதுக்கு வன்மம்?” என்றாள். மூச்சு வாங்கியது.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். வரப்பில் அவர் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரேதான் நின்றார். பதினோரு வருஷமாக இருபத்திரண்டு வகுப்பில் அவர் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தார். அதையும் வன்மத்தோடு சேர்த்து அவர்மேல் வைத்துக்கொண்டேன்.

“ஒங்கம்மா ஆட்டல. அவ என்னயத்தான் பாத்தா. சார் வெயில்ல நிக்காகளேன்னு நாந்தான் ஆட்டுனேன்” என்றேன்.

சந்தனமாரி என் பக்கம் திரும்பினாள். கீறல் மாதிரி இருந்த கண் விரிந்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, விளங்குது என்று சொல்லித் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் வீக்கம் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் செருப்பு சேர்ந்தது. ஜன்னலில் இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ரத்தத்தை இந்த ஊரில் பார்த்ததில்லை என்றார். பத்தாம் நாள் சந்தனமாரி அளத்துக்குப் போனாள். மூட்டை தூக்கும் ஆட்களோடு சிரித்துப் பேசுகிறாள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கிணற்றடியில் நின்று வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னோடு பேசுவதில்லை. வன்மம் இப்போது அவள் இடுப்புக்குள் ஓடுகிறது, என்மேல். தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நெத்திலிக் குழம்பு வைக்கும் நாளில் நான் எவ்வளவு நேரம் செருப்பைக் கழற்றினாலும் ஒரு சத்தமும் வராது.

மாதம் ஒருமுறை அவளை நிலையத்துக்குச் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரத்தம் எடுப்பதில்லை, அது தேவைப்படவில்லை. அவளை ஒரு நாற்காலியில் நேராக உட்காரவைத்து, என்னை எதிரே நிறுத்துவார்கள். அவள் முகத்தைத் திருப்புவாள். எத்தனை டிகிரி திருப்புகிறாள் என்று அளந்து எழுதுவார்கள். முப்பதுக்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. சித்திரையில் நாற்பத்தொன்று. வைகாசியில் நாற்பத்தாறு. பேஷ் என்று டாக்டர் குலோத்துங்கன் என் முதுகில் தட்டினார். நான் சுவரைப் பார்த்தேன். அதையும் விட்டுவிடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார், மூலம் தளர்ந்தால் நகலும் தளர வாய்ப்புண்டு. அதனால் திங்கட்கிழமை தோறும் அவரே வந்து என் செருப்பை மிதித்துவிட்டுப் போகிறார்.

எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கடுஞ்சொல். இரவில் ஒன்று, தேவைப்பட்டால். முதலில் எனக்கு வரவில்லை, பெற்ற பிள்ளையிடம் என்ன சொல்வது. நித்யகல்யாணி அம்மா சில சொற்களை எழுதித் தந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சுருக்கமாகச் சொல்லப் பழக்கினார். இப்போது பழகிவிட்டது. ஆனியில் ஒருநாள் அவளுக்குத் தூக்கத்தில் அம்மா நினைவு வந்து, எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. நான் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டு, போய்ப் படு என்றேன். அந்த மாதம் முப்பத்திரண்டுதான் வந்தது. இருந்தாலும் தாண்டிவிட்டது.

இந்த வாரம் நான் சீட்டில் எழுதியபடி எல்லாம் சரியாகத்தான் கொடுத்து வந்தேன். இன்று மதியம் சந்தனமாரி தட்டை வைத்தாள். முகத்தைத் திருப்பவில்லை. நான் கேட்காமலேயே சட்டியிலிருந்து இன்னொரு மீன் துண்டை எடுத்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, என் சோற்றின்மேல் வைத்தாள். சாப்பிடுங்க யப்பா என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டு, நிலையத்துக்கு ஆட்டோ கூப்பிடப் போனேன்.